அரைக்கதை என்று பெயர் வாங்கிய பச்சையம்மா

போன செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் நின்ற மருமகப் பெண் ஒருத்தி தோளைத் தொட்டுச் சொன்னாள்: "ஆயா, சேதி தெரியுமா? அரைக்கதை போயிடுச்சாம்."

சர்க்கரைப் பையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். செத்த அன்றைக்காவது அவள் பெயரைச் சொல்லக் கூடாதா? அவள் பெயர் பச்சையம்மா. என்னைவிட இரண்டு மாதம் பெரியவள்.

அவளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவளை அரைக்கதை என்று கூப்பிட்டவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். யார் யார் என்று நான் பெயர் போடவில்லை. எனக்கு ஒருவர்கூட மறக்கவில்லை.

பச்சையம்மாவின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். ஒன்பது வருஷம் வடக்கே ஜபல்பூரில் குடித்தனம் செய்தாள். அவர் நெஞ்சுவலியில் போனதும் ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தாள். கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் வாய் நிறைய இந்தியும்தான். பஞ்சாயத்துக்கு டிவி வந்ததும் அந்த இந்திக்கு மதிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தி நாடகம் போடுவார்கள். டிவி ரூம் வாசலில் ஊரே உட்காரும். பச்சையம்மா டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்வாள். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், போலீசுக்கு ஒரு குரல். ஒருநாள் அந்த மாமியார் மூச்சு விடாமல் கத்தித் தீர்த்தாள். பச்சையம்மா நாலே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"அவ்ளோ நேரம் கத்தினாளே, இவ்ளோதானா?" என்று கேட்டார்கள்.

"மீதியெல்லாம் உங்க உங்க வூட்ல தெனமும் கேக்கறதுதான்" என்றாள். ஆண்கள் பக்கத்திலும் சிரிப்பு வந்தது.

அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தது அந்த முக்காலியில்தான். இதை நினைவில் வையுங்கள்.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அவள் செய்தது புரியாது. அது ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்ட சமயம். அந்தப் போராட்டம் சரியா தப்பா என்று பேச நான் வரவில்லை. என் வீட்டுக்காரர் கல்வராயன்மலையிலிருந்து புளி ஏற்றிப் போகும் லாரியில் லோடுக்காரர். எலவனாசூர்கோட்டை தாண்ட முடியாமல் லாரி நின்றுவிட்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, "வூடு இங்கதான, நடந்தே போயிடறேன்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். கிளம்பியது மட்டும்தான் தெரியும். வீடு வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், ஏரி, கிணறு எல்லாம் பார்த்தாயிற்று. ஆளும் இல்லை, பிணமும் இல்லை.

ஒரு வருஷம் போனது. என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். அப்போதுதான் நான் யார் என்ற கேள்வி அவருக்கு வந்தது. பந்தக்கால் நடும்போது நான் முன்னால் வரலாமா, பின்னால் நிற்க வேண்டுமா? "கருமாதி பண்ணிடலாம். தாலிய எடுத்துடட்டும். இழுத்துக்கினே இருந்தா எப்படி?" என்று ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். நான் எடுக்க மாட்டேன் என்றேன். மூத்தார் எதிரில் நிற்கவே கூடாது என்று வளர்ந்தவள் நான். அன்று நின்றேன்.

அந்தச் சமயம் ஓடிய நாடகமும் அப்படியே இருந்தது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போன புருஷன் திரும்பவில்லை. வளையலைக் கழற்று என்கிறது மாமியார் வீடு. அவள் மாட்டேன் என்கிறாள். ஊரே டிவியை ஒரு கண்ணாலும் என்னை ஒரு கண்ணாலும் பார்த்தது. கடைசிக்கு முந்தின வாரம், நாடகம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது மூத்தார் என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார்:

"அஞ்சல, வர்ற ஞாயித்துக்கெழம முடியுதாம். அவ புருஷன் செத்துட்டான்னா நீயும் எடுத்துடணும். ஊருக்கு முன்னால சொல்லு."

"வந்துட்டான்னாங்க மாமா?"

"வந்துட்டான்னா நான் வாயத் தொறக்கல."

"சரிங்க" என்றேன். எங்கோ எவனோ எடுத்த நாடகத்தின் மேல் என் தாலியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவன் வந்துவிடுவான் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கடைசிக் காட்சியில் தபால்காரர் கடுதாசி கொடுத்தார். அவள் பிரித்துப் படித்தாள். ஒரு ஆண் குரல் பின்னாலிருந்து இந்தியில் பேசியது. அவள் கடுதாசியை மடித்து வைத்தாள். விளக்கை ஏற்றி எடுத்துப் போய் வாசற்படியில் வைத்து, பாதையைப் பார்த்தபடி நின்றாள். அவ்வளவுதான், பெயர் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாரும் பச்சையம்மாவைப் பார்த்தார்கள். அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

"இன்னா எழுதியிருந்துச்சு?" என்று மூத்தார் கேட்டார்.

"சொல்லலீங்க."

"ஒருத்தன் பேசினானே?"

"அது அடுத்த வாரம் வர்ற நாடகத்துக்கு வெளம்பரம்."

"அப்ப வந்தானா, செத்தானா?"

"இவ்ளோதான் காட்டினான். முடிஞ்சிடுச்சி."

வாசலே இரண்டாகப் பிளந்தது. விளக்கு ஏற்றினாளே, வந்துவிட்டான் என்று அர்த்தம் என்றது ஒரு கூட்டம். செத்தவனுக்கும்தான் விளக்கு ஏற்றுவார்கள் என்றது இன்னொரு கூட்டம். "பதிமூணு வாரம் வேலவெட்டிய வுட்டுட்டு உக்காந்தமே, இதுக்குத்தானா?" என்று ஒரு பெரியவர் துண்டை உதறினார். கோபத்தை டிவிக்காரன் மேல் காட்ட முடியாது. பக்கத்தில் இருந்தவள் மேல் காட்டினார்கள். அரைகுறை இந்தி, அரைக்கதை என்றார்கள். அந்தப் பெயர் அன்றைக்கு ஒட்டியது. அடுத்த வாரம் முக்காலியை எடுத்து மூலையில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் டிவி ரூம் பக்கமே வரவில்லை.

எல்லாரையும் விட அவளை அதிகமாகத் திட்டியது நான்தான். மறைக்கவில்லை. வந்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூத்தாரின் வாய் அன்றோடு மூடியிருக்கும். நாலு வருஷம் அவளோடு பேசவில்லை. மூத்தாருக்கோ எடு என்று சொல்லவும் வழியில்லை, விடவும் மனமில்லை. அவர் மகள் கல்யாணத்தில் நான் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பந்தலுக்கு நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சோறு பரிமாறுகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

பிறகு ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவளே ரசம் வைத்து எடுத்து வந்தாள். அப்படிப் பேச்சு வந்தது. ஆனாலும் அந்த நாடகத்தைச் சொல்லிக் குத்துவதை நான் விடவில்லை. இந்தப் பொங்கல் கழித்து அவள் வீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோதும் குத்தினேன்.

"சாவறதுக்குள்ள சொல்லுடி. அவன் வந்தானா இல்லையா?"

உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "செத்துட்டாண்டி. கடுதாசில சொன்னான். ஆத்துல கெடச்சான், எரிச்சிட்டோம்னு."

"வெளம்பரம்னு சொன்னியே!"

"சொன்னேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"உன் மூஞ்சி ஒரு தண்டோரா. சாயங்காலத்துக்குள்ள உங்க மூத்தாருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப வந்துட்டான்னு சொல்லித் தொலைக்கறதுதான?"

"செத்தவனப் பொழைக்க வெக்க நான் யாருடி? வாய மூடிக்கினேன். என்னால ஆனது அவ்ளோதான்."

கையிலிருந்த முறத்தை அவள் மடியில் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் போனபோது, "வந்துட்டியா, சிந்தினதப் பொறுக்கு" என்றாள். இரண்டு பேரும் பொறுக்கினோம்.

என் பேத்தி போனில் தொடர் பார்க்கிறாள். பாதியில் விட்டது போல முடிந்தால், "இப்படி முடிச்சா எப்படி ஆயா?" என்று போனைத் தூக்கிப் போடுகிறாள். நானும் ஒருநாள் அப்படித்தான் கத்தினேன். இப்போது கேட்டால் வேறு சொல்வேன். அன்றைக்கு வாசலில் முடிவு வேண்டும் என்று கத்தியவர்கள் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னக் காத்திருந்தவர்கள். தாலியோடு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். முடிவு தெரிந்திருந்தால் அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்தியாகப் போயிருக்கும். எனக்கு அன்றோடு எல்லாம் போயிருக்கும். அது போகக் கூடாது என்று ஒருத்தி தனக்குப் பிடித்த முக்காலியை விட்டாள், பெயரை விட்டாள், முப்பது வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவளையா அரைக்கதை என்கிறீர்கள்?

பாடையில் எடுக்கும் முன் பச்சையம்மாவைக் கடைசியாகப் பார்க்க நான் நெற்றியில் பொட்டோடு போனேன். கூட்டத்தில் ஒருத்தி, "இன்னுமா ஆயா இத வெச்சிக்கினு இருக்கே?" என்று முணுமுணுத்தாள். மூத்தார் செத்தபோதும் இந்தப் பொட்டோடுதான் போய் அழுதேன். என் வீட்டுக்காரர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியாததை எனக்குப் பதிலாக யாரும் முடித்து வைக்க வேண்டாம்.

பச்சையம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பொட்டு. அதைக் காத்துக் கொடுத்தவள் அவள். என் காலம் வரும்போது என்னை இதோடுதான் எடுக்க வேண்டும். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன். இவள் சுமங்கலியா இல்லையா என்று எவராவது கேட்டால், அவள் சொன்னதையே சொல்லுங்கள்:

"இவ்ளோதான் காட்டினான். முடிஞ்சிடுச்சி."