வலது பக்கம் திரும்பாத ஜாய்ஸ்டிக்

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். எச்சில் தொட்டுத் தாள் புரட்டுகிறவர்களின் நோட்டை அப்புறம் நான் தொடமாட்டேன். கல்யாண வீடுகளில் டம்ளரை நானே மூன்று முறை கழுவி, அண்ணாந்துதான் குடிப்பேன். சொந்தத்தில் என்னைச் ‘சுத்தக்காரன்’ என்று கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களின் நகங்களைப் பார்த்துவிட்டு நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒருத்தனோடு மட்டும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். என் தாய்மாமன் மகன். என் வயதுதான். எங்கள் மலையில் ஊர்த் தொகுதியை ‘நாடு’ என்போம்; எங்கள் வீடு குண்டூர் நாட்டில், அவன் வீடு திண்ணனூர் நாட்டில். எனக்கு நண்பன் என்று சொல்லிக்கொள்ள அவனை விட்டால் ஆள் கிடையாது. சுத்தம் பார்க்கிறவனோடு யார் நின்று பேசுவார்கள்?

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, சரியாக நினைவில்லை. மலைக்குக் கீழே தெருவுக்கொரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்துகொண்டிருந்த சமயத்தில் நாங்கள் இருவரும் சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கூட்டாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அதற்கு அப்போதே இருபது வயது இருக்கும். தடித்த கீபோர்டுதான் மொத்தக் கம்ப்யூட்டரும். டிவியில் மாட்ட ஒரு ஒயர், ஆட்டங்களை ஏற்றுவதற்கு ஒரு கேசட் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக். கேசட் கால் மணி நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திய பிறகுதான் ஆட்டம் வரும். அந்தக் கத்தல் எங்களுக்குப் பிடித்திருந்தது.

மலையேறும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டார். நான் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி மிச்ச வளைவு முழுக்க நின்றேன். மச்சான் தன் தோள் துண்டை எடுத்து அந்தப் பெரியவரின் வாயைத் துடைத்துவிட்டான். துண்டை ஜன்னலுக்கு வெளியே உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டான். நான் இரண்டு சீட் தள்ளிப் போய்விட்டேன்.

ஐப்பசியிலிருந்து பங்குனி வரை அவன் வீட்டில், சித்திரையிலிருந்து புரட்டாசி வரை என் வீட்டில் என்று முறை வைத்துக்கொண்டோம். யார் வீட்டில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து ஆடுவோம். நாங்கள் விரும்பி ஆடிய ஆட்டம் ஒரு குகைக்குள் நடக்கும். அதில் ஒருவன் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் மற்றவன் உள்ளே நுழைய முடியும். தனியாக ஆடினால் முதல் கதவோடு சரி.

அந்த வருஷம் ஆடித் தூறல் தொடங்கியதும் என் ஜாய்ஸ்டிக் வலது பக்கம் திரும்ப மறுத்தது. இடது போகும், மேலே போகும், கீழே போகும். வலது பக்கம் தள்ளினால் திரையிலிருக்கும் ஆள் சண்டி மாடு போல நிற்பான். அதைக் கழற்றி அடுத்த துளையில் செருகினேன். அங்கேயும் அதே கதைதான். முதல் துளையில் மச்சானுடைய ஜாய்ஸ்டிக்கைச் செருகினேன், அது ஒழுங்காக வேலை செய்தது. ஆக, துளையில் கோளாறில்லை, என் ஜாய்ஸ்டிக்கில்தான். நாலு நாள் கழித்துக் கீபோர்டிலும் ஸ்பேஸ் கட்டையும் அதற்கு மேலே ஒரு வரிசையும் செத்துப்போயின. அணைத்துப் போட்டேன், ஊதிப் பார்த்தேன். கடைசியில் கவிழ்த்துத் தட்டியபோது, கட்டைகளின் இடுக்கிலிருந்து ஒரு கரப்பான் கால் விழுந்தது. முள் முள்ளாக, காய்ந்துபோன கால்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்கு மேல் யோசிக்கவே இல்லை. மச்சான் வீட்டில் கோழிக் கூடைக்குப் பக்கத்தில்தான் இதை வைத்திருப்பார்கள், சாப்பிட்ட கையோடு வீட்டில் எல்லாரும் தொடுவார்கள். அழுக்கு அங்கிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். என் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் அது நன்றாக ஓடியது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் ஊர்க் கடைக்குப் போன் போட்டு, ஆளனுப்பச் சொல்லி, அவனைப் போனுக்கு வரவழைத்தேன். அந்தப் போனில் இந்தப் பக்கம் பேசினால் அந்தக் கடை முழுக்கக் கேட்கும். அது தெரிந்துதான் பேசினேன்.

“உங்க ஊட்டுக் கரப்பானெல்லாம் இதுக்குள்ள வந்து குஞ்சு பொரிச்சிருக்குது மச்சான். மனுசன் பொழங்குற ஊடா அது? எங்கூட்டு மாட்டுக் கொட்டாய் தேவல.”

 “தொறந்து பாத்தியா மாப்ள?” என்றான்.

“உங்க அழுக்க நான் எதுக்குத் தொடோணும்?”

“சரி, தொடாத. நாளைக்கு நான் வாரேன்.”

மறுநாள் காலை பஸ்ஸில் வந்தான். கையில் ஒரு பையில் ஸ்க்ரூ டிரைவர், பஞ்சு, ஸ்பிரிட், பென்சில் அழிக்கிற ரப்பர். வாசலிலேயே நிறுத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரச் சொன்னேன். கழுவிவிட்டு வந்தான். அம்மா உள்ளே சாமைச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகன் வந்தால் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் நாலு திருகாணி. கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக நாலு பித்தளைத் தகடுகள் இருக்க வேண்டும். தகடே தெரியவில்லை. கரேலென்று களிம்பு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. அவன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான்.

“வெளக்கெண்ணெய். இதுல யாரு எண்ண ஊத்துனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா சொல்லிவிட்டாள். “அவந்தான் சாமி ஊத்துனான். பலாப் பிசினு ஒட்டிக்கிச்சுன்னு.”

ஊற்றியது நான்தான். ஆனி முழுக்கப் பலாச் சுளை தின்றுகொண்டே ஆடியிருக்கிறேன். பிசின் பட்டு ஜாய்ஸ்டிக் இறுகியது. எங்கள் ஊரில் பிசின் என்றால் விளக்கெண்ணெய். கைக்கும் அரிவாளுக்கும் அதைத் தடவிக்கொண்டுதான் பழத்தையே அறுப்போம். அதே புத்தியில் ஜாய்ஸ்டிக்கின் கழுத்திலும் ஒரு கரண்டி ஊற்றினேன். அத்தோடு நிற்கவில்லை. ஆடித் தூறல் ஈரம் ஆகாதென்று ஆனியிலேயே, விதைச் சாமையும் மிளகும் வைக்கிற அடுப்புப் பரணில் மொத்தக் கம்ப்யூட்டரையும் தினம் ஏற்றி வைத்தேன். எண்ணெயில் புகைக்கரி ஒட்டியது. தகடுகளுக்கு நடுவே அது காய்ந்து நின்றால் வலது பக்கம் எப்படித் திரும்பும்? வெதுவெதுப்பான பரண், எண்ணெய், பலா இனிப்பு. கரப்பான்களை நானே விருந்துக்கு அழைத்திருக்கிறேன்.

பிறகு கீபோர்டைத் திறந்தான். கரப்பான் முட்டைக் கூடுகள், காய்ந்த பலாச் சடை நார். அதற்கு நடுவே பிறை பிறையாக, வெள்ளையாக, ஒரு கைப்பிடி கிடந்தது. என்னவென்று குனிந்து பார்த்தேன். நகம். என் நகம். கேசட் கத்துகிற கால் மணி நேரமும் நான் நகம் கடிப்பேன். துப்பியதெல்லாம் கட்டைகளின் இடுக்கில் விழுந்திருக்கிறது.  ஊரார் நகத்தையெல்லாம் பார்த்து முகம் சுளித்தவன் நான். என் வாயிலிருந்து விழுந்ததை இன்னொருவன் பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான். என்மேல் எனக்கே அப்படியொரு அருவருப்பு வந்தது.

அவன் தகடுகளை ஸ்பிரிட்டால் துடைத்து, ரப்பரால் பளபளவென்று தேய்த்தான். ஒவ்வொரு கட்டையாகக் கழற்றித் துடைத்து மாட்டினான். இரண்டு மணி நேரம் ஆனது.

“தப்பாப் பேசிட்டேன் மச்சான்” என்றேன்.

“நீ போன்ல பேசுனதக் கடையில அத்தன பேரும் கேட்டாங்க மாப்ள. எங்கம்மாளும் அங்கதான் நின்னுச்சு.”

அத்தை கையால் நான் எத்தனையோ வேளை சாப்பிட்டிருக்கிறேன். 

கேசட்டைப் போட்டு ஆட்டத்தை ஏற்றினான். ஜாய்ஸ்டிக்கை என்னிடம் நீட்டினான். வலது பக்கம் தள்ளினேன். திரையில் ஆள் நடந்தான். மற்ற பக்கங்களும் சரியாக இருந்தன. திருப்பிக் கொடுத்தேன். அவன் தோளிலிருந்து துண்டை எடுத்து, அதன் முனையால் பிடித்து வாங்கி, ஒரு முறை துடைத்துவிட்டுத் தரையில் வைத்தான். யாரென்றே தெரியாத ஒருவரின் வாயை கொஞ்சமும் கூச்சமில்லாமல் துடைத்துவிட்டவன் அவன்.

அம்மா இலை போட்டுக் கூப்பிட்டாள். “வேண்டாமுங்க அத்தை. வயிறு சரியில்லீங்க.”

“ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ சாமி.”

“இன்னொரு நாளைக்கு வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஐப்பசியில் அவன் முறை வந்தது. கம்ப்யூட்டரைத் துடைத்துப் பெட்டியில் கட்டி வைத்துக் காத்திருந்தேன். அவன் வரவில்லை. என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிப் பஸ் கண்டக்டரிடம் தகவல் அனுப்பியிருந்தான். அது இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. பரணில் ஏற்றுவதில்லை, எண்ணெய் கிட்டே போவதில்லை, ஒரு கட்டைகூடச் சிக்குவதில்லை. இரண்டு ஜாய்ஸ்டிக்கும் நாலு பக்கமும் நன்றாகத் திரும்புகின்றன. நான் முதல் கதவு வரை போவேன். அப்புறம் அணைத்துவிடுவேன்.