மூக்கைப் பொத்தாதவர்

செலீனா பட்ஜெல் இருபத்தேழு வருஷம் மீன் வெட்டியவள். காட் மீன் இருந்தவரை காட் மீன். இனி அதைப் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட பிறகு நண்டு. ஆலையிலிருந்து வீடு திரும்பும்போது தலைமயிர்வரைக்கும் குடல் வாடை அடிக்கும். பியர்சிஸ் டிக்கிள் என்ற அந்தக் கடலோரச் சிற்றூரில் இருப்பது முப்பத்தெட்டு வீடு. எல்லா வீட்டிலும் அதே வாடைதான். யாரும் அதை நாற்றம் என்று சொல்லிக்கொண்டதில்லை. அழுகின ஈரல் தொட்டியில் முழங்கைவரை கையை விட்டவள் அவள். அதனால், ஐம்பத்தொன்பதாவது வயதில், சொந்தப் புருஷன் முகத்துக்கு நேரே நின்று குமட்டியபோது அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். இது நான்தானா என்று.

புருஷன் பெயர் ஹெசக்கியா. ஊருக்கு ஹெஸ். சிங்கி இறால் பிடிக்கிறவன். கடலுக்குப் போகுமுன் தினமும் முகம் மழிப்பான். இறாலைப் பெண் பார்க்கவா போகிறாய் என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு ஒரு பக்கம் போக, அவன் குரல் இன்னொரு பக்கம் போகும். அவன் முகம் நல்ல முகம். அது அவனுக்கும் தெரியும்.

ஒரு பனிக்காலத்தில் கன்னத்தில் ஒரு புண் வந்தது. குளிர் கடித்தது என்று சொல்லி ஒரு வருஷம் களிம்பு தடவினான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது புற்று முற்றியிருந்தது, பாதித் தாடையை எடுக்கவேண்டியிருந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதே இடம் மறுபடி வெடித்துத் திறந்துகொண்டது. இனி வெட்ட ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாட்டின் மறுகோடியில், ஆல்பெர்ட்டாவில் இருந்த மகள் போனில் அழுதாள். வாரத்துக்கு இரண்டு தடவை நர்ஸ் டுல்சி காரில் வருவாள். மற்ற நாளெல்லாம் கட்டு மாற்றுவது செலீனா.

காதிலிருந்து தாடைவரை ஒரு குழி. ஓரமெல்லாம் தடித்து, பூக்கோசு மாதிரி பிதுங்கி, நடுவில் மஞ்சளும் கறுப்புமாகக் கொழகொழவென்று. துணியை எடுத்தால் அது தனியாக வராது, இழுத்துக்கொண்டு வரும். நாற்றத்தைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. இது மீன் அழுகின வாடை இல்லை. இதில் ஒரு இனிப்பு கலந்திருந்தது. அந்த இனிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அது திரைச்சீலையில் ஏறியது, வெண்ணெயில் ஏறியது, காலையில் அவள் போடும் தேநீரில் ஏறியது. ஒரு மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொன்னாள் டுல்சி. கொஞ்சம் அடங்கியது. பிறகு மறுபடி ஏறியது.

தலையைத் திருப்பிக்கொண்டு கட்டுப் போடப் பழகினாள் செலீனா. ஓரக்கண்ணில் பார்த்தால் போதும், கை தானாக வேலை செய்யும்.

சபை ஆட்கள் முதல் மாதம் வந்தார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொருவர் முகமும் மாறுவதை அவள் பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஜெபித்தால் ஜெபம் சுருங்கிவிடும். பிறகு வருவதை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு மர்ட்டில் மட்டும் வாரம் ஒருமுறை பட்டாணி சூப் கொண்டுவருவாள். படியிலேயே வைத்துவிட்டு, வெளி கேட்டுக்குப் போய் நின்றுகொண்டு கத்துவாள்.

"செலீனா கண்ணு, தாங்க முடியாததைக் கர்த்தர் யாருக்கும் குடுக்கமாட்டாரு!"

"உள்ள வந்து சொல்லேன், மர்ட்டில்."

"அடுப்புல பன் வச்சிட்டு வந்துட்டேன். உன்னை நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கு தெரியுமா? பொன்னைப் புடம் போடுற மாதிரி போடுறாரு உன்னை!"

அந்தச் சூப்பைச் செலீனா கடற்பறவைகளுக்குக் கொட்டினாள். அவை நன்றாகத் தின்றன.

ஜூன் கடைசியில் பாஸ்டர் வெல்டன் ஒரு வெளியூர் ஊழியக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுகமளிக்கிற ஊழியமாம். கோட்டு, பளபளக்கிற ஷூ, கையில் அபிஷேக எண்ணெய். படுக்கையறை வாசலில் ஊழியக்காரர் நின்றுவிட்டார். செண்டு போட்ட கர்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். எண்ணெய்ப் புட்டியைச் செலீனாவிடம் நீட்டினார்.

"நீங்களே தடவி விடுங்க, சிஸ்டர். நான் இங்கேருந்து ஜெபிக்கிறேன்."

"தடவுறதுக்குத்தானே வந்தீங்க? தொட்டுத் தடவுங்க."

அவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் தரையைப் பார்த்தார். ஊழியக்காரர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திறந்தார்.

"இந்த வீட்டுல அறிக்கை பண்ணாத பாவம் ஒண்ணு இருக்கு, சிஸ்டர். அதான் தடையா நிக்குது. பிரதர் மனசைத் திறக்கணும்."

கட்டிலில் இருந்து ஹெஸ் பேசினான். பாதித் தாடையோடு அவன் பேசுவது மற்றவர்களுக்குப் புரியாது, செலீனாவுக்குப் புரியும்.

"என்ன சொல்றாரு?" என்றார் பாஸ்டர்.

"முன்ன ஒரு ஈஸ்டருக்கு மர்ட்டில் கேக்குல ரெண்டு துண்டு திருடித் தின்னாராம். எழுதிக்கிடுங்க" என்றாள் செலீனா. பிறகு அவள் குரல் உடைந்து வேறொரு குரல் வந்தது. "வெளிய போங்க. ரெண்டு பேரும். இந்த ரூம்ல எனக்குக் கொமட்டிக்கிட்டு வர்றது அவரு புண்ணு இல்ல, உங்க செண்டு வாடை. போங்கய்யா!"

அவர்கள் போனார்கள். ஊழியக்காரர் படியில் இறங்கி, ஷூவைப் புல்லில் தேய்த்துத் துடைத்துக்கொண்டதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தரையில் ஒன்றுமே இல்லை. இருந்தும் துடைத்தார்.

அந்தக் கோபம் அவளுக்கு ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. பிறகு கட்டு மாற்றும் வேளை வந்தது. வழக்கம்போலத் தலையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய தலையோடு அப்படியே நின்றாள். கர்சீப் ஒன்றுதான் குறை. மற்றபடி நானும் அந்த ஆளும் ஒன்றுதானே என்று தோன்றியது. அந்த நினைப்பு புண்ணைவிட நாறியது.

ஜூலையில் வெயில் வந்தது. அவர்கள் கரையில் வெயில் வருவது அபூர்வம். வந்தால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நாற்றம் வெளியே போகட்டும் என்று படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்தாள் செலீனா. ஜன்னலின் கொசுவலை கிழிந்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கட்டை அவிழ்த்தாள். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. திரும்பி நேராகப் பார்த்தாள். குழியின் அடியில், அரிசி மாதிரி, வெள்ளையாக, நெளிந்துகொண்டிருந்தன.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். கால் போன போக்கில் கீழே கடலோரம் மீன் கொட்டகைக்குப் போனாள். மீன் வெட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மேலே பார்க்காமல், பலகையைப் பார்த்தே பேசினாள். அவள் பேசியதைச் சபையில் யாரும் ஜெபம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"எனக்கு அருவருப்பா இருக்கு. அவனைப் பாத்தா அருவருப்பா இருக்கு. வெளி கேட்டுக்கிட்ட நின்னு பிரசங்கம் பண்ணுறாளே, அவளைப் பாத்தா அருவருப்பா இருக்கு. உங்களைப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு. கேட்டுக்குங்க. என்ன இது? முப்பத்தெட்டு வருஷம் பக்கத்துல படுத்த மூஞ்சி. அதுல புழு. இதா உங்க புடம்?"

பலகையை அடித்தாள். கை வலித்தது.

"செத்து நாலு நாள் ஆனவன் கல்லறை, தெறக்காதீங்க நாறும்னு சொல்லியும், கல்லைப் புரட்டுங்கடான்னு சொல்லி அவனை எழுப்பினவருதானே நீங்க? அன்னைக்கு உங்களுக்கும் மூக்கு இருந்துச்சுல்ல? எனக்கு அற்புதம் வேணாம். என் புருஷனை எழுப்பிக் குடுக்க வேணாம். அந்த ரூமுக்குள்ள என்கூட வந்து நில்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். மூக்கைப் பொத்தாம வந்து நில்லுங்க!"

தண்ணீர் கொட்டகைக் கால்களில் மோதியது. ஒரு ஈ வந்து அவள் இடது மணிக்கட்டில், மீன் கத்தி கீறின பழைய தழும்பின்மேல் உட்கார்ந்தது. அவள் விரட்டினாள். அது திரும்ப வந்து உட்கார்ந்தது. அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. சிலுவையில் தொங்கினவரின் புண்ணிலும் ஈ மொய்த்திருக்கும். கை இரண்டிலும் ஆணி, விரட்டக்கூட முடிந்திருக்காது. எந்தப் படத்திலும் அதை வரைவதில்லை. வெயில், வியர்வை, இரத்தம், ஈ. அங்கேயும் வாடை அடித்திருக்கும். தூரத்தில் நின்றவர்கள் துணியால் மூக்கை மூடியிருப்பார்கள்.

இத்தனை மாதமாக அவரை அவள் எங்கே நிறுத்தி வைத்திருந்தாள் என்று யோசித்தாள். கேட்டுக்கு வெளியே, மர்ட்டிலுக்குப் பக்கத்தில், சலவை செய்த வெள்ளை உடையில். அவர் அங்கே இல்லை. அவர் பிப்ரவரியிலிருந்தே உள்ளே, கட்டிலோரத்தில் இருக்கிறார். வெளியே ஓடி வந்தது அவள்தான்.

அழுதாள். கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள். தனியாக அழுகிற மாதிரி இருக்கவில்லை. அதுதான் வித்தியாசம், வேறெந்த வித்தியாசமும் இல்லை. கடல் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே ஏறினாள்.

டுல்சிக்குப் போன் பண்ணினாள். மத்தியானம் வருகிறேன், அதுவரை உப்புத் தண்ணீரும் இடுக்கியும் போதும் என்றாள் டுல்சி. செலீனா சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஹெஸ்ஸின் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். குமட்டல் வந்தபோது நிறுத்தினாள், விழுங்கினாள், மறுபடி எடுத்தாள்.

"என்னடி அதுல?" என்றான் ஹெஸ்.

பொய் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. "புழு."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு கேட்டான்: "தூண்டில்ல கோக்கலாமா?"

அவளுக்குச் சிரிப்பும் குமட்டலும் ஒன்றாக வந்தன. "வாய மூடு, மனுஷா. ஆடாத."

"இன்னைக்குத்தான் நீ என்னைப் பாக்குற, செலீனா."

"ஆமா."

"எப்படி இருக்கேன்?"

"கேவலமா இருக்க."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. "அப்பாடா" என்றான். "நல்லாருக்க நல்லாருக்கன்னே எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் செத்துட்டேனோன்னு நெனச்சேன்."

மத்தியானம் டுல்சி வந்து பார்த்துவிட்டு, "அது செத்த சதையத்தான் திங்கும். சொல்லப்போனா சுத்தமாத்தான் ஆக்கியிருக்கு" என்றாள்.

"அதையும் புகழ ஆரம்பிச்சிராத தாயே" என்றாள் செலீனா. "இப்பத்தான் ஒரு ஊழியக்காரரைத் துரத்தியிருக்கேன்."

அன்று முதல் அருவருப்பு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போகவில்லை. ஆகஸ்டு முழுவதும் காலையில் கட்டை அவிழ்க்கும்போது அவள் ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஆனால் அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "வாங்க, உள்ள போலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவாள். ஒருநாள் ஹெஸ் அதைக் கேட்டுவிட்டு, "யாரு வந்துருக்கா?" என்றான். "நமக்கு வேண்டியவருதான்" என்றாள். அவன் ராகம் தப்பி, வார்த்தையே இல்லாமல் ஒரு பாட்டை முனக ஆரம்பித்தான். அவள் கட்டுப் போட்டு முடிக்கும்வரை முனகினான்.

செப்டம்பரில், ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஹெஸ் போனான். நல்ல கன்னத்தை அன்று காலை அவள் மழித்து விட்டிருந்தாள்.

சவப்பெட்டியை மூடித்தான் வைத்தார்கள். பாஸ்டர் வெல்டன், நமது சகோதரர் கர்த்தருக்குச் சுகந்த வாசனையாக இருந்தார் என்று பிரசங்கம் பண்ணினார். முன்வரிசையில் செலீனா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு மாதம் படியேறாதவர்கள் ஹாம் சாண்ட்விச்சும் கேக்குமாக ஏறினார்கள். மர்ட்டில் மூக்கைச் சுழித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "வீடு நல்லா வாசமா வச்சிருக்கியே, கண்ணு" என்றாள். அந்த வாசத்துக்காக மூன்று நாளாகக் குளோரின் ஊற்றித் தேய்த்திருந்தாள் செலீனா. பதில் சொன்னால் அசிங்கமாகச் சொல்லிவிடுவோம் என்று தேநீரை நீட்டினாள்.

எல்லாம் தேய்த்தாயிற்று, மெத்தை மட்டும் மிச்சம். அதை யாருக்கும் கொடுக்க முடியாது, குப்பை வண்டியும் ஏற்றிக்கொள்ளாது. சனிக்கிழமை காலையில் தனியாக அதை இழுத்துக்கொண்டுபோய்க் கடலோரக் கல்லில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தாள். கறுப்புப் புகை. உள்ளே ஊறியிருந்தது எல்லாம் வெந்து கிளம்பியது. அவள் துடுப்பால் கிளறியபடி பேசிக்கொண்டே இருந்தாள். ஹெஸ்ஸைப் பற்றி, ஜன்னல் வலையைத் தைக்காமல் விட்டதைப் பற்றி, இந்தச் சபையை என்ன செய்வது என்று தெரியாததைப் பற்றி. திட்டினாள், நன்றி சொன்னாள், மறுபடி திட்டினாள்.

மேலே பாதையில் மர்ட்டில் தெரிந்தாள். தலைத்துணியை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"செலீனா! காத்து எங்க வீட்டுப் பக்கம் அடிக்குது! துணி காயப் போட்டிருக்கேன்!"

"எடுத்து உள்ள போடு!"

"யார்கிட்ட பேசுற? அங்க யாரையும் காணோமே?"

செலீனா துடுப்பை ஊன்றி நின்றாள். "எறங்கி வந்து இந்த மூலையப் புடி. புரட்டிப் போடணும். அப்புறம் சொல்றேன்."

மர்ட்டில் இரண்டு அடி இறங்கினாள். நின்றாள். தன் காலணியைப் பார்த்தாள். பிறகு துணி எடுக்கத் திரும்பி நடந்தாள்.

"பாத்தீங்களா அவளை?" என்றாள் செலீனா, பக்கத்தில் திரும்பி. மெத்தையைத் தானே புரட்டிப் போட்டாள். சாம்பலாகும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள். உப்புக் கருவாட்டையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, பன்றிக் கொழுப்பை மேலே உருக்கி ஊற்றி, தட்டு நிறைய போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றாகப் பசித்தது.