நல்லாத் தூக்கம் வரும்

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பது சுலபம். கூடவே கொடுக்கிற பேச்சைத்தான் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. என்னைப் போல மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று தொண்டை வற்றியவர்களுக்கு இது தெரியும். தொண்ணூறுகளில் இலங்கையில் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் அப்படி நின்றேன். அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கிற அந்த மஞ்சள் குளிசையை, அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கங்காணியின் அளவு

முனியாண்டிக் கங்காணிக்குத் தேயிலைச் செடியில் கம்பளிப்பூச்சி பட்டு, கையெல்லாம் தடித்துவிட்டது. நாலு குளிசை கொடுத்து, இரவில் ஒன்றுதான், கசிப்புச் சாராயத்தின் பக்கமே போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை நன்றாக ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் இல்லை. தேடிப்போனவர்கள் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் குறட்டைச் சத்தம் கேட்டுத் தூக்கி வந்தார்கள். நாலையும் ஒரேயடியாக, அதுவும் கசிப்போடு போட்டிருக்கிறார். பிழைத்தது அவர் செய்த புண்ணியம். தெளிந்த பிறகு என்னைத்தான் குறை சொன்னார்: "எலிப் புழுக்கை அளவுல குடுத்தா, எவன் ஒண்ணோட நிப்பாட்டுவான்?"

சொல் கேட்டவன்

செல்வராஜ் அப்படியல்ல, சொன்னதைக் கேட்கிற பிள்ளை. ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற இடத்தில் வேலை. தூசியால் ஓயாத தும்மல். "பகல்ல போடாதப்பா, மெசின்கிட்ட நிக்கிறவன் நீ. ராத்திரி படுக்கிறப்ப ஒண்ணு போடு. நல்லாத் தூக்கம் வரும்" என்றேன். அவனுடைய லயத்து வீடு மலைக்கு அந்தப் பக்கம். அடிக்கடி நடக்க வேண்டாமே என்று பத்தாக எண்ணிக் கொடுத்தேன்.

ஆறு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தான். இன்னும் நாலு மிச்சம் இருப்பதாகச் சொன்னான். திருப்பிக் கொண்டுவா என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ அவன் அடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன்: "தும்மல் பாதிதாங்க நின்னுச்சு. ஆனா நான் தூங்குற தூக்கத்தப் பாத்து எங்க வூட்டுல பொறாமப்படுதுங்க."

பிள்ளைக் காம்பரா

அவனுடைய மனைவி புஷ்பம் கொழுந்தெடுக்கிறவள். எட்டு மாதக் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். குழந்தைக்குச் சளி, மூக்கடைப்பு. அழுகை நிற்காவிட்டால் அங்கே பார்த்துக்கொள்கிற ஆயம்மா மலைக்கு ஆள் அனுப்புவாள். இன்னொரு தடவை இடையில் இறங்கினால் அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த மிச்சம் நாலில் ஒரு குளிசையைத் தாய்ப்பாலில் கரைத்துப் புகட்டியிருக்கிறாள். பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தபோது குழந்தை சிணுங்கியதால் இன்னொன்று. கைக்குழந்தைக்கு, அதுவும் சளி கட்டிய நெஞ்சுக்கு, அது மருந்தே அல்ல. இன்றைக்குத் தங்கமாகத் தூங்குகிறது என்று ஆயம்மாவும் சந்தோஷப்பட்டாளாம். மதியம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தூக்கியபோது குழந்தை எழும்பவில்லை.

என்னிடம் கொண்டுவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எண்ணி எண்ணி வந்தது. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு றக்வானை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த வளைவுகளில் லொறி எவ்வளவு வேகமாகத்தான் போகும்? பாதி வழியில் மூச்சு நின்றது. நான் குழந்தையின் நெஞ்சில் வைத்த விரலை எடுக்காமலே இருந்தேன். எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரலில் கோபமே இல்லாமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நல்லாத் தூக்கம் வரும்னு நீங்கதானுங்களே ஐயா அவருகிட்ட சொன்னீங்க?"

அதற்குப் பிறகு யார் வந்து இந்தக் குளிசை கேட்டாலும், "வீட்டுல கைப்பிள்ள இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு இரண்டே இரண்டு கொடுப்பேன். ஐயாவுக்கு வயசாகிவிட்டது, ஞாபகமும் போச்சு, கையும் சுருங்கிப்போச்சு என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.