இடுக்கில்லாத கல்

கனடாவில் இருக்கும் என் மகள் போன முறை குடும்பத்தோடு வந்து நின்றபோது பேரனுக்கு வயிற்றாலே போனது. கடற்கரையில் இறால் வடையும் ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுத்தது தகப்பன். மகள் பார்த்ததோ என் குசினியின் சமையல் மேடையை.

"டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துக் கிடக்கு அம்மா. அதிலதானே மீனும் வெட்டுறீங்கள்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்கே என் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை வந்தால் என்னோடு தங்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மேடையை மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

நுகேகொடையில் கல் விற்கும் கடையில் முதலில் வெள்ளைக் கல்லைக் காட்டினார்கள். பிறகு கடைக்காரரே சிங்களத்தில், "அம்மே, நீங்கள் மஞ்சள் போட்டுச் சமைக்கிற ஆள், இது சரிவராது" என்றார். ஸ்டீல் கழுவச் சுகம், ஆனால் கீறல் விழும். எனக்குக் கறுப்புக் கிரானைட் பிடித்தது. மகளைப் போனில் கேட்டேன்.

"கறுப்பில ஊத்தை தெரியாது அம்மா."

கடைசியில் சாம்பல் நிறக் கிரானைட், இடுக்கே இல்லாமல் ஒரே பலகை. வாங்குவதற்கு முன் மாதிரித் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, மீன் குழம்பும் தேசிக்காய்ப் புளியும் ஊற்றி விடியும்வரை வைத்துப் பார்த்தேன். கறை பிடிக்கவில்லை. மருமகனைத் தேர்ந்தெடுத்தபோதுகூட நான் இவ்வளவு சோதிக்கவில்லை.

வந்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே ஹோட்டலுக்கு. மகள் போனில் சொன்னாள்.

"பிள்ளையளுக்கு நீந்த வேணுமாம் அம்மா. நாளைக்கு மத்தியானம் அங்க வாறம்."

ஓம் என்றேன். அவர்களுக்காக விரித்திருந்த கட்டிலை அப்படியே விட்டேன். அழுகை வருமா என்று பார்த்தேன். கோபம்கூட வரவில்லை. மனம் மரத்துப் போய்க் கிடந்தது.

மறுநாள் விளைமீன் குழம்பு வைத்தேன், முருங்கைக்காய்க் கறி வைத்தேன். மகள் நேரே குசினிக்குள் வந்து கல்லை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இப்பதான் குசினி மாதிரி இருக்கு அம்மா. சரியான க்ளீன்."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த பீட்சாப் பெட்டிகளை அதன்மேல் வைத்தாள். "பிள்ளையளின்ர வயிறு, எதுக்கும் பயமா இருக்கு. அதுதான் வாங்கிக்கொண்டு வந்தனாங்கள்."

பேரன் கல்லில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டான். நல்ல பசி அவனுக்கு. நான் குழம்புச் சட்டியை மூடினேன்.

அவர்கள் போன பிறகு பழக்கதோஷத்தில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு மேடைக்கு வந்தேன். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.