கட்டில் இரும்பில் மூன்று தட்டு

போன வாரம் எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ஆண்டர்சன்பேட்டை பேக்கரியில் பன் வாங்க நின்றேன். முன்னால் ஒரு பெண். இடுப்பில் இருந்த குழந்தைக்குப் பாலில் நனைத்த பன் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா முழுங்கு. அவசரம் இல்ல."

முகம் தெரியாது. குரல் தெரியும்.

கொரோனா சமயத்தில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சுரங்கத் தூசி தின்ற நுரையீரல். மூக்கில் ஆக்சிஜன். விரல் மட்டும் அசையும்.

ஒன்று கேட்கிறேன். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு வாய் துடைப்பது யார்? புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது? பெண்டாட்டி. மகள். நர்ஸ் ஊசி போடுவார், போவார். நர்சிங் என்றால் அவ்வளவுதான் என்று இருந்தோம்.

கொரோனாவில் வீட்டு ஆட்கள் வாசலோடு சரி. அத்தனையும் நர்ஸ்கள் தலையில். வார்டு நிறைய ஆள், நர்ஸ் இரண்டே பேர். அந்தப் பிளாஸ்டிக் டிரஸ் மாட்டாமல் உள்ளே வர முடியாது. சாப்பாடு வரும்... அப்படியே ஆறும். எனக்கு முதுகுத் தோல் உரிந்தது. நாக்கு மரக்கட்டை. தண்ணீர் பாட்டில் ஒரு முழத்தில் இருந்தது. எட்டவில்லை. வியாதி கொல்லாது, தாகம்தான் கொல்லும் என்று தெரிந்துவிட்டது.

கத்தக் குரல் இல்லை. கையில் கிடந்த ஸ்பூனால் கட்டில் இரும்பில் தட்டினேன். மூன்று தட்டு. சுரங்கத்தில் பாறை சரிந்து மாட்டிக்கொண்டால் காற்றுக் குழாயில் அப்படித்தான் தட்டுவோம் — உயிரோடு இருக்கிறேன் என்று. இங்கே யாருக்குப் புரியும்? பழக்கம்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் திரும்பினார். கண்ணாடியில் தட்டினார்.

மூன்று.

டிரஸ் மாட்டி வந்தார். ஸ்பூனில் தண்ணீர். "கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க பெரியப்பா. அவசரம் இல்ல."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்கப்பா நந்திதுர்க் மைன்ஸ்ல வேல. அவரு சொல்லிக் குடுத்து வீட்டுச் செவுத்துல தட்டித் தட்டியே வளந்தோம். பேசாதீங்க, முதுகக் காட்டுங்க."

வாய் துடைத்தார். புரட்டினார். மருந்து தடவினார். முகமூடிக்குள் வியர்வை ஓடியது.

"நீ தண்ணி குடிச்சியாம்மா?"

"ஷிப்ட் முடிஞ்சாத்தான். குடிச்சா பாத்ரூம் போவணும். இந்த வேஷத்தோட எங்க போறது? நீங்க வேற!"

பூமிக்கு ஒரு மைல் கீழே வேலை பார்த்தவன் நான். அங்கேகூட இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை. தாகத்தோடு நின்று அடுத்தவன் தாகம் தீர்க்கிறார்...

மறுநாள் பக்கத்துக் கட்டில்காரரும் தட்டினார். பிறகு வார்டே தட்டியது.

"இன்னா பெரியப்பா, எல்லாரையும் மைன்ஸ்ல சேத்துட்டீங்களா?" என்று திட்டினார். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் வந்தார்.

அதே குரல்தான் என்று பேக்கரிக் கண்ணாடியில் மூன்று தட்டு தட்டினேன். அவர் திரும்பினார். என்னையே பார்த்தார். பதிலுக்கு மூன்று தட்டினார்.

ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி நீட்டினேன்.

"மொதல்ல நீ குடிம்மா."