கிணற்றுக்குள் வந்த ஆறு

தண்ணீர் சாம்பிள் எடுக்கிற வேலைக்கு வந்தவங்களுக்கு இரண்டு வியாதி நிச்சயம்: ஒன்று தோள்வலி, இன்னொன்று ஊருக்கெல்லாம் பதில் சொல்லியே தொண்டை வறண்டுபோவது. நம்ம ஆளுங்க யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீங்க.

ஐஸ் பெட்டி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றேன். ஒரு அம்மா வந்து மூடியைத் திறக்கச் சொன்னாங்க. திறந்தேன். உள்ளே எல்லாம் தண்ணீர் பாட்டில். ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஆராய்ச்சிக்குப் போகுதுன்னு மூச்சு விடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாங்க: "வஞ்சிரம் இல்லன்னா பரவால்ல தம்பி, நெத்திலி இருக்குதா?"

காற்றுக் குமிழி

தண்ணீரிலும் கனமானது, லேசானது உண்டு. தேங்கி நின்றால் வெயிலில் லேசானதுதான் அதிகம் ஆவியாகும், கனமானது மிஞ்சும். ஒரு கிணற்றில் ஊறுவது மழையா, தேங்கின ஆற்றுத் தண்ணீரா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். பாட்டிலுக்குள் காற்று இருந்தால் அங்கேயும் கொஞ்சம் ஆவியாகிக் கணக்கு மாறிவிடும், அதனால் துளிக் காற்றுகூட இருக்கக் கூடாது.

எங்க ஜீப் டிரைவர் அந்தோணிக்கு இது வேலையே இல்லை. ஆனாலும் தென்பெண்ணை ஆற்றில் தோள்வரை கையை விட்டு, தண்ணிக்குள்ளேயே மூடியைத் திருகி, கவிழ்த்துப் பார்ப்பார். குமிழி தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் இறங்குவார். அடடா, என்ன மனுஷன்! கரையேறி ஒருநாள் சொன்னார்: "எம் புள்ளைக்கு மருந்து ஊத்தும்போதுகூட நான் இவ்ளோ பாத்து ஊத்துனது இல்ல சார்."

செல்வியின் போர்

வளவனூர் பக்கம் செல்வி அக்காவுக்கு ஆற்றோரம் கரும்பு. வெள்ளத்தில் தடுப்பணை உடைந்ததிலிருந்து அவங்க ஆழமில்லாத போர்வெல்லில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஆழமாக இன்னொரு போர் போடலாமா, கரும்பையே விட்டுவிடலாமா என்று தவித்துக்கொண்டு இருந்தாங்க. குடும்பத்துக்கே அதுதான் சோறு.

குழாயில் நிற்கிற பழைய தண்ணீர் போகிறவரை மோட்டாரை ஓட விட்டுத்தான் நாங்க பிடிக்கணும். மோட்டார் ஓட்டுகிற மூணு பேஸ் கரண்ட்டோ கொஞ்ச நேரம்தான் வரும். தயங்கித் தயங்கிக் கேட்டேன். கடைசி வரிசைக் கரும்பு வாடி நிற்க, அக்கா சொன்னாங்க: "எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சாத்தானே எங்க போச்சுன்னு தெரியும், நல்லா ஓட வுட்டுப் புடிங்க சார்."

லாரி வந்த காலை

ரிசல்ட்டோடு போனபோது ஆழமாகப் போர் போடுகிற லாரி வரப்போரம் நின்றிருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்: "அக்கா, உங்க போர்ல ஊறுனது அணையில தேங்குன ஆத்துத் தண்ணி. அணைய அடைச்சா திரும்பி வரும். பக்கத்து நிலத்து ஆழமான போரையும் பாத்தோம். அது எப்பவோ பெஞ்ச பழைய மழைத் தண்ணி. எடுத்தா லேசுல ஊறாது."

அக்கா கரும்பைப் பார்த்தாங்க. கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரிக்காரரிடம் திரும்பினாங்க: "வண்டிய எடுங்கண்ணே. அதையும் நானே உறிஞ்சிட்டா பின்னாடி வர்றவங்க எத்தக் குடிப்பாங்க? இந்த வாட்டி தண்ணி அதிகம் கேக்காத கேப்பை போட்டுக்கறேன். இன்னிக்குத் திங்கக்கெழமை, கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க, அணைய அடைக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். நீங்களும் ரிசல்ட்ட எடுத்துக்கிட்டு எங்கூடக் கெளம்புங்க சார், ஜல்தி!"

நாம சொன்ன ரிசல்ட்டை யாருமே நம்பலைன்னா நிம்மதியாத் தூங்கிடலாம், ஒருத்தர் முழுசா நம்பிட்டாத்தான் பேஜாரு.