கேப்ஸ் லாக்கில் குடியேறிய ஏ

"பௌர்ணமிக்கு முந்தின நாள், காலை. கேப்ஸ் லாக் இனி ஏ."

எந்த விசை எந்த எழுத்து என்று என் மடிக்கணினிக்குச் சொல்லும் விசை வரைபடக் கோப்பில் முதல் வரி இதுதான். எதை மாற்றினாலும் நாள் போட்டுவிடுவேன்.

அந்தப் பழைய லினக்ஸ் கணினியில் கறுப்புத் திரையும் எழுத்தும்தான். அங்கே தமிழ் எழுத்து வராது என்பதால் தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டுவேன். திடீரென்று ஆங்கில ஏ விசை செத்துவிட்டது. அண்ணாமலை என்று அடிக்கவே நான்கு ஏ வேண்டும். பக்கத்தில் சும்மா கிடந்த கேப்ஸ் லாக்குக்கு அந்த எழுத்தைக் கொடுத்தேன். வேலை செய்தது. அந்த உற்சாகத்தில், கணினியைப் போட்டதும் வட்டைத் திறக்கக் கேட்கும் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அதிலும் ஏ இருந்தது.

மறுநாள் மதியம் கரண்ட் போனது. பேட்டரி உயிரில்லாத கணினி உடனே அணைந்தது. கரண்ட் வந்து திரும்பப் போட்டதும் கடவுச்சொல் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. என் வரைபடம் பூட்டிய வட்டுக்குள் இருக்கிறது. வட்டு திறக்கும்வரை கேப்ஸ் லாக் வெறும் கேப்ஸ் லாக்தான். ஏரித் தண்ணீர், மழை, வெயில் என்று பல வருடங்களாக நான் தினமும் எழுதிய குறிப்புகளும் அதற்குள்தான். வேறு நகல் கிடையாது.

செத்த விசையைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

"எவ்ளோ நேரம் அதையே தட்டினு இருப்பீங்க?" என்றாள் மனைவி. "வேற கீபோர்டு வாங்கினு வந்து சொருவ வேண்டியதுதானே?"

அடி அண்ணாமலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பனிடம் ஒன்று இருந்தது. பௌர்ணமி என்பதால் வண்டி விடவில்லை. செங்கம் சாலையிலிருந்து கிரிவலக் கூட்டத்தோடு நடந்தேன்.

"இதுக்காவா நடந்து வந்த?" என்று சிரித்தபடி விசைப்பலகையைக் கொடுத்தான் நண்பன். "வந்த வழியே போ, சீக்கிரம் பூடலாம்."

"பௌர்ணமியில எதிர்ல போறதா?"

"அப்ப சுத்து. எனக்கும் சேத்து கும்பிட்டுக்க."

மீதி மலையையும் சுற்றினேன். கூட்டம் நகர்கிற வேகத்தில்தான் நகர முடியும். கக்கத்திலிருந்த பலகையில் விரல்கள் கடவுச்சொல்லைத் தட்டியபடியே இருந்தன.

"கம்ப்யூட்டர் வேலை கெடைக்கணும்னு வேண்டுதலாண்ணா?" என்றான் பின்னால் வந்த ஒருவன்.

"கெடைச்சா அடுத்த மாசம் மானிட்டரோட வருவாரு," என்றாள் அவனோடு வந்தவள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குபேர லிங்கம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பலகையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

வீட்டில் அதைச் சொருகித் தட்டினேன். தவறு என்றது. மறுபடியும் தவறு.

"இன்னா அது, பச்சையா எரியுது?" என்றாள் மனைவி.

கேப்ஸ் லாக் விளக்கு. ஒரே நாளில் விரல் பழகிவிட்டது. புதுப் பலகையில் ஏ நன்றாகவே இருக்க, இதிலும் கேப்ஸ் லாக்கையே தட்டியிருக்கிறேன். அதை அணைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். வட்டு திறந்தது.

குறிப்புகள் அத்தனையும் இருந்தன, அன்று காலை எழுதியதைத் தவிர. சேமிக்கும் முன் கரண்ட் போயிருக்கிறது. போய்ப் பார்த்து எழுதலாம் என்றால், விடிவதற்குள் மழையில் ஏரி ஏறிவிட்டது. அந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: "பௌர்ணமி, காலை. தண்ணீர் மதகுக் கல்லுக்குச் சற்றுக் கீழே. நினைவிலிருந்து எழுதியது. சரிபார்க்கவில்லை."